கூகுளா, டக்டக்கோவா, ஏஐயா, நேராகப் போவதா? எதை எங்கே தேடலாம்

கூகுளை விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். சிலருக்கு விளம்பரத் தொல்லை: ஒரு தடவை செருப்பு தேடினால் ஒரு மாதம் செருப்பாகவே பின்னால் வருகிறது. சிலர், கல்லூரியில் படிக்கும் பிள்ளை எதற்கெடுத்தாலும் சாட்ஜிபிடியிடம் கேட்பதைப் பார்த்து, நாமும் அப்படியே மாறிவிட்டால் என்ன என்று யோசிக்கிறார்கள். இன்னும் சிலர், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் போனில் எதை வைத்துக் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். முடிவு தப்பினால் அதிகம் இழக்கப்போவது இந்தக் கடைசிக் கூட்டம்தான். அந்தப் போனில் வங்கிக் கணக்கு இருக்கிறது, ஓடிபி வருகிறது, அவசரத்தில் யார் சொன்னாலும் நம்பிவிடும் பதற்றமும் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மொத்தமாக மாறத் தேவையில்லை. தேடுகிற விஷயத்தில் பதில் தப்பாகிப்போனால் நாம் எதை இழப்போம்? அதை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பணமும் ஆவணமும் சம்பந்தப்பட்டால், முடிந்தவரை தேடாமலே இருப்பதுதான் நல்லது.

## எதை வைத்து எடை போடுவது

வேகம், அழகு எல்லாம் இன்றைக்கு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது வேறு இடங்களில்.

முதலாவது, பதில் யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்க முடிகிறதா? முகவரி கண்ணுக்குத் தெரிந்தால் நம்பலாமா வேண்டாமா என்று நாமே முடிவு செய்யலாம். இரண்டாவது, பட்டியலின் உச்சியில் நிற்பவர் அங்கே எப்படி வந்தார், தகுதியாலா காசாலா? மூன்றாவது, தமிழில் கேட்டால் எவ்வளவு தேறும்? நான்காவது, நாம் கேட்ட கேள்வி எங்கே, யார் பெயரில் சேமிக்கப்படுகிறது? கடைசியாக, தப்பு நடந்தால் அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? எல்லா இடத்திலும் தப்பு நடக்கும். ஆனால் சில இடங்களில் நடந்த தப்பு வெளியே தெரியும், சில இடங்களில் தெரியவே தெரியாது. ஐந்தில் எனக்கு மிக முக்கியமானது இதுதான்.

## கூகுள்

தமிழில் தேடுவதற்கு இன்றைக்கும் இதற்கு ஈடு இல்லை. ‘வீட்டு வரி’ என்று தேடினாலும் ‘சொத்து வரி’ என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் பெரும்பாலும் கொண்டுவந்துவிடுகிறது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாலும் புரிந்துகொள்கிறது. எழுத்துப்பிழையையும் பொறுத்துக்கொள்கிறது. உள்ளூர் விஷயங்களில், அதாவது பக்கத்தில் எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது, எந்த வட்டாட்சியர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதில் மற்றவை கிட்டே நெருங்க முடியாது.

ஆனால் அதே வலிமைதான் மோசடிக்காரர்களையும் அங்கே இழுக்கிறது. போனில் ‘பட்டா சிட்டா’ என்று தேடிப் பாருங்கள். அரசின் பக்கம் வரும். கூடவே, பட்டா, சிட்டா, தமிழ்நாடு என்ற சொற்களையே முகவரியில் கோத்துக்கொண்ட தனியார் பக்கங்களும் வரிசை கட்டும். பல வெறும் விளக்கக் கட்டுரைகள், விளம்பரக் காசுக்காக எழுதியவை. அவற்றால் நேரம்தான் போகும். ஆனால் படிவம் நீட்டி, ‘சேவைக் கட்டணம்’ என்று காசு கேட்கும் பக்கம் ஏதாவது கண்ணில் பட்டால் உடனே திரும்பிவிடுங்கள். அரசின் இணையவழிச் சேவைப் பக்கத்தில் பட்டா, சிட்டா பார்க்கக் காசு கிடையாது. பதிவுத்துறையின் பக்கத்தில் வில்லங்கம் பார்ப்பதும் இலவசம்தான், சான்றிட்ட நகலுக்குத்தான் கட்டணம்.

எது உண்மையான பக்கம் என்று பார்க்க முகவரியைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். தொடக்கத்தில் வரும் ‘எச்டிடிபிஎஸ்’ஸையும் அதன் இரண்டு சாய்கோடுகளையும் தள்ளிவிட்டால், அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன நிற்கிறது? அது ‘டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்’ என்றால் தமிழக அரசு. ‘டிஎன் ஜிஓவி பட்டா டாட் காம்’ என்று இருந்தால், முன்னால் எத்தனை ஜிஓவி இருந்தாலும் அது யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பெயர். இலங்கையில் அரசு முகவரிகள் ‘ஜிஓவி டாட் எல்கே’ என்று முடியும். பாஸ்போர்ட் விஷயத்தில் இந்தக் குழப்பம் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்றால், வெளியுறவு அமைச்சகமே போலிப் பக்கங்களின் பெயர்களைப் பட்டியலிட்டு எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

மறைந்திருக்கும் செலவு. முதல் செலவு, உச்சியில் இருக்கும் விளம்பரங்கள். ‘ஸ்பான்சர்ட்’ என்ற சின்ன எழுத்தைத் தவிர மற்றபடி அவை சாதாரண முடிவு மாதிரியே இருக்கும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, மோசடிக்காரர்கள் தேடல் விளம்பரங்களில் பெரிய நிறுவனங்களின் வேடத்தில் வருகிறார்கள், விளம்பரத் தடுப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்று பொதுமக்களுக்கே அறிவுரை சொன்னது. அடுத்த வருடம் கீபாஸ் என்ற கடவுச்சொல் மென்பொருளின் பெயரில் ஒரு போலி விளம்பரம் வந்தது. முகவரியில் ‘கே’ எழுத்துக்குப் பதில், அடியில் துளியூண்டு வால் வைத்த வேறொரு எழுத்து. திரையில் தூசி ஒட்டியிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இரண்டாவது, வாடிக்கையாளர் சேவை எண்கள். 2018இல் கூகுள் வரைபடத்தில் வங்கிக் கிளைகளின் தொலைபேசி எண்களை மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணாக மாற்றி வைத்தது மகாராஷ்டிரக் காவல்துறை வரை போனது. வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம் என்பதுதான் அதற்கு வழிவிட்டது. இந்த மோசடி நடக்கும் விதம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். ரீசார்ஜ் செய்த பணம் போய்விட்டது, ரீசார்ஜ் ஆகவில்லை. பதற்றத்தில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடி, முதலில் தெரிந்த எண்ணை அழுத்துகிறோம். எதிர்முனையில் மிக மரியாதையான குரல். “சார், ஒரு சின்ன ஆப் போட்டுக்கோங்க, நானே சரி பண்ணித் தர்றேன்.” அது திரையைப் பகிரும் ஆப். எனிடெஸ்க் என்ற அப்படிப்பட்ட ஆப்பை வைத்து இப்படி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அப்புறம், “பத்து ரூபாய் மட்டும் அனுப்பிப் பாருங்க.” அந்தப் பத்து ரூபாய் அவருக்குத் தேவையில்லை. நீங்கள் பின் எண்ணை அடிப்பதைப் பார்ப்பதுதான் தேவை.

மூன்றாவது செலவு நம்மைப் பற்றிய தகவல். உலாவியில் ‘இன்காக்னிட்டோ’ என்ற மறைநிலையைப் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. அது உங்கள் போனில் தடம் விடாது, அவ்வளவுதான். அந்த நிலையிலும் கூகுள் தகவல் சேகரித்தது என்று அமெரிக்காவில் 2020இல் தொடுத்த வழக்கு, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கிறோம் என்று கூகுள் 2024இல் ஒப்புக்கொண்டதில் முடிந்தது. உலாவிகளிலும் போன்களிலும் தானே முதல் தேடுபொறியாக இருக்க 2021இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது இன்னொரு வழக்கில் வெளிவந்தது. அவ்வளவு பணத்தையும் நாம் தேடுகிற தேடலிலிருந்துதான் திரும்ப எடுக்க வேண்டும்.

எப்போது இதுவே நல்லது. உள்ளூர் விவரம், தமிழ்ச் செய்தி, புதிதாக நடந்தது, எங்கே இருக்கும் என்றே தெரியாதது. சில பழக்கங்களைச் சேர்த்துக்கொண்டால் பலன் இரட்டிப்பாகும். சொற்றொடரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அதே வடிவில் தேடும். தமிழில் இதில் ஒரு சிக்கல்: மேற்கோளுக்குள் ‘மதுரை’ என்று கொடுத்துவிட்டு ‘மதுரையில்’, ‘மதுரைக்கு’ என்று எழுதிய பக்கமும் வரும் என்று நம்பி இருக்கக் கூடாது. வேற்றுமை உருபு சேர்ந்த வடிவங்களையும் தனித்தனியே தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஜிஓவி டாட் இன் என்று சேர்த்தால் அரசுப் பக்கங்களுக்குள் மட்டும் தேடும். தனியார் வேடதாரிகள் அந்த ஒரே சொடுக்கில் காணாமல் போவார்கள். கூகுள் தானே எழுதி உச்சியில் காட்டும் ஏஐ சுருக்கம் வேண்டாம் என்றால் முடிவுகளுக்கு மேலே இருக்கும் ‘வெப்’ என்ற பிரிவைத் தொட்டால் வெறும் இணைப்புகள் மட்டும் வரும். 2024 மே மாதத்திலிருந்து அந்த வசதி இருக்கிறது.

## டக்டக்கோ

2008இல் தொடங்கிய தேடுபொறி இது. நீங்கள் யார் என்று பதிந்து வைப்பதில்லை என்பதுதான் இதன் வாக்குறுதி. விளம்பரம் உண்டு, ஆனால் அப்போது தேடிய சொல்லுக்குத்தான் வரும், போன வாரம் தேடியதற்கு வராது. செருப்பு பின்னால் வராது.

முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து வருகிறது. 2024 மே 23 அன்று பிங் படுத்தபோது டக்டக்கோவும் சேர்ந்து படுத்தது. அதனால் பிங்கின் பலவீனம் இதற்கும் உண்டு. தமிழ் அதில் முக்கியமானது. ஆங்கிலத்தில் மென்பொருள் பிரச்சினை, சமையல், பயணம் தேடினால் குறையே தெரியாது. தமிழில், அதுவும் உள்ளூர் விஷயம் தேடினால், இரண்டாவது பக்கத்திலேயே சரக்கு தீர்ந்துவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவு. ‘தனியுரிமை’ என்ற பெயரே தரும் மிதப்புதான் இதில் ஆபத்து. தேடியதை அவர்கள் பதியாமல் இருக்கலாம். ஆனால் முடிவைத் தொட்டு உள்ளே போன பக்கம் உங்களைப் பதிகிறது. இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று தெரிகிறது. உங்கள் உலாவியின் வரலாற்றில் எல்லாம் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் கணினியில் டக்டக்கோவில் தேடிவிட்டு யாருக்கும் தெரியாது என்று இருப்பது வேடிக்கை. அந்த நிறுவனத்தின் வாக்குறுதியையும் முழுசாக விழுங்கிவிடக் கூடாது. அதன் உலாவி ஆப், மற்றவர்களின் கண்காணிப்பு நிரல்களைத் தடுத்துவிட்டு, ஒப்பந்தத்தின் காரணமாக மைக்ரோசாஃப்டின் சிலவற்றை மட்டும் பிற தளங்களில் விட்டுவைத்திருந்தது 2022இல் ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்த பிறகே வெளியே வந்தது. பிறகு திருத்திக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. மோசடி விளம்பரம் இங்கே வராது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. விளம்பரங்கள் மைக்ரோசாஃப்ட் வழியாக வருகின்றன, முகவரியைப் படிக்கும் வேலை இங்கேயும் நம்முடையதுதான்.

எப்போது இதுவே நல்லது. உடம்பைப் பற்றி, கடனைப் பற்றி, வேலை மாறுவதைப் பற்றித் தேடும்போது. இவையெல்லாம் ஒரு கணக்கில் சேர்ந்துகொண்டே போனால் உங்களைப் பற்றி உங்கள் குடும்பத்துக்குத் தெரியாததும் அதற்குத் தெரியும். ஆங்கிலத்தில் அதிகம் தேடுகிறவர்களுக்கு இதையே முதல் தேடுபொறியாக வைத்துக்கொண்டு, கிடைக்காததற்கு மட்டும் கூகுளுக்குப் போவது நல்ல ஏற்பாடு. அதற்கு ஒரு குறுக்குவழியும் வைத்திருக்கிறார்கள்: கேள்விக்கு முன்னால் ஆச்சரியக்குறியும் ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால் அதே கேள்வி கூகுளுக்குப் போய்விடும், ‘டபிள்யூ’ என்றால் விக்கிப்பீடியாவுக்கு. பிங்கைச் சாராமல் சொந்தப் பட்டியல் வைத்திருக்கும் தேடுபொறி வேண்டும் என்றால் பிரேவ் இருக்கிறது. ஆனால் தமிழ் விஷயத்தில் அங்கேயும் இதே கதைதான்.

## ஏஐ சாட்பாட்

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வந்தது. ஜெமினி, கோபைலட், பெர்ப்ளெக்ஸிட்டி எல்லாம் இதே வகைதான், வித்தியாசம் விவரங்களில். பத்து இணைப்பைத் திறந்து படிக்காமல் ஒரே பதில் கிடைக்கிறது, தமிழில் பேச்சு வழக்கில் கேட்டாலும் புரிகிறது. பலருக்கு இது பெரிய விடுதலை. அதை நான் மறுக்கவில்லை.

இதன் உண்மையான பலம், நமக்குப் பெயர் தெரியாத விஷயத்துக்குப் பெயர் சொல்வது. “அப்பா உயில் எழுதாமல் இறந்துட்டார், வீட்டை எங்க பேருக்கு மாத்தணும், என்ன செய்யணும்?” இதைத் தேடுபொறியில் போட்டால் வழக்கறிஞர் விளம்பரமும் வீடியோக்களும்தான் வரும். சாட்பாட்டிடம் கேட்டால் இறப்புச் சான்று, சட்டப்பூர்வ வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், சொத்து வரி, மின் இணைப்பில் பெயர் மாற்றம் என்று படி படியாக எடுத்துக் கொடுக்கும். இந்தச் சொற்கள் கையில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டணம் எவ்வளவு, எந்த அலுவலகம், எத்தனை நாள் என்று அது மேலும் சொல்வதில் வேறு மாநிலத்தின் நடைமுறையும் பழைய விதியும் கலந்திருக்கும். அதைச் சொல்லும்போதும் குரல் கொஞ்சமும் தடுமாறாது.

மறைந்திருக்கும் செலவு. அந்தத் தடுமாறாத குரலேதான். சங்கப் பாடல் ஒன்றைக் கேட்டால், சங்கப் பாடல் மாதிரியே ஒலிக்கிற, எந்தத் தொகையிலும் இல்லாத நாலு வரியை எழுதி, அதற்குப் பாடல் எண்ணும் புலவர் பெயரும் போட்டுத் தரக்கூடியது இது. தமிழாசிரியர் கண்டுபிடித்துவிடுவார். மாணவர் அதை அப்படியே கட்டுரையில் எழுதுவார். நியூயார்க்கில் வழக்கறிஞர்களே இதில் விழுந்தார்கள்: சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டியதற்காக 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம். மூல இணைப்பு காட்டும் சாட்பாட் என்றால் பரவாயில்லையா? ஓரளவு. 2025 பிப்ரவரியில் பிபிசி தன்னுடைய செய்திகளை வைத்து நான்கு சாட்பாட்டுகளைச் சோதித்தபோது, 51 சதவீதப் பதில்களில் குறிப்பிடத்தக்க கோளாறு இருந்தது. இணைப்பு உண்மையானதாக இருக்கும், அதில் சொல்லியிருப்பது பதிலில் இருப்பதாக இருக்காது. அதனால் இணைப்பு இருக்கிறது என்பதோடு விடாமல், அதைத் திறந்து அந்த வரியைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கூகுளின் மேலே வரும் ஏஐ சுருக்கமும் இந்த ரகம்தான். 2024 மே மாதம் அமெரிக்காவில் அறிமுகமான சூட்டோடு, பீட்ஸாவில் சீஸ் ஒட்டவில்லை என்றால் பசை சேர்க்கலாம் என்று யோசனை சொன்னது. யாரோ பல வருடம் முன்பு ரெட்டிட் என்ற இணைய மன்றத்தில் நக்கலாக எழுதியதை அது நிஜம் என்று எடுத்துக்கொண்டது. பசை என்றால் நாம் சிரித்துவிடுவோம். மாத்திரை அளவில் ஒரு பூஜ்யம் கூடியிருந்தால் சிரிக்க மாட்டோம், கவனிக்கவே மாட்டோம். போலி சேவை எண்ணை யாராவது பத்துப் பக்கங்களில் எழுதி வைத்தால் இது அதையும் எடுத்துச் சொல்லும். அங்கே முகவரியைப் படித்து உஷாராகும் வாய்ப்பும் நமக்குப் போய்விடுகிறது.

தனியுரிமையில் இது கூகுளைவிட மோசம் என்பேன். தேடுபொறியில் நாம் நாலு சொல் போடுகிறோம். இங்கே வாழ்க்கைக் கதையையே சொல்கிறோம். மருத்துவ அறிக்கையைப் படமெடுத்து அப்படியே ஏற்றுகிறோம், அதில் பெயரும் வயதும் இருக்கும். 2025 ஜூலையில் சாட்ஜிபிடி உரையாடல்கள் கூகுள் தேடலிலேயே வரத் தொடங்கின. பகிரும்போது ‘தேடலில் தெரியட்டும்’ என்ற கட்டத்தை என்னவென்று யோசிக்காமல் டிக் செய்தவர்களின் உரையாடல்கள் அவை. சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ அந்த வசதியையே எடுத்துவிட்டது.

எப்போது இதுவே நல்லது. நீங்களே சரிபார்க்கக் கூடிய விஷயத்துக்கு. ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் புரிந்துகொள்ள, எக்செல் சூத்திரம் எழுத, மருத்துவரிடம் என்னென்ன கேட்கலாம் என்று பட்டியல் போட. மருத்துவருக்குப் பதிலாக அல்ல. தொலைபேசி எண், வங்கி முகவரி, மருந்தின் அளவு, சட்டப் பிரிவு, பாடல் வரி, இந்த ஐந்தையும் இதனிடம் கேட்கவே வேண்டாம்.

## தேடாமல் நேராகப் போவது

இதை ஒரு வழியாகவே பலர் கணக்கில் எடுப்பதில்லை. மாதாமாதம் போகும் வங்கிப் பக்கத்துக்கும் வங்கியின் பெயரைத் தேடுபொறியில் அடித்துத்தான் போகிறார்கள். தினம் போகும் சொந்த வீட்டுக்கு ஒவ்வொரு முறையும் தெருமுனையில் நிற்பவரிடம் வழி கேட்பது மாதிரி இது. என்றாவது ஒரு நாள் அங்கே தப்பான ஆள் நிற்பான்.

மாற்று மிக எளிது. சரியான பக்கத்தை ஒரு தடவை கண்டுபிடித்து, உலாவியில் புத்தகக்குறி (புக்மார்க்) போட்டுவிடுவது. ஆண்ட்ராய்டு போன் குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு, முகப்புத் திரையில் சேர்க்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், ஆப் மாதிரி ஒரு சின்னம் வந்து உட்கார்ந்துவிடும். எண்களுக்கும் அப்படித்தான். வங்கியின் எண் ஏடிஎம் அட்டையின் பின்னாலேயே அச்சிட்டிருக்கிறது. மின்வாரியத்தின் ‘மின்னகம்’ சேவை மையத்துக்கு 94987 94987. இவற்றைப் போனில் பெயர் போட்டுப் பதிந்துவிட்டால், ‘இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று குறுஞ்செய்தி வரும்போது அதில் இருக்கும் எண்ணை அழைக்கத் தேவை இருக்காது.

வங்கிகள் விஷயத்தில் இப்போது நல்ல மாற்றம் வந்திருக்கிறது. இந்திய வங்கிகள் எல்லாம் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இந்த முடிவெழுத்தை வங்கி அல்லாதவர் வாங்க முடியாது. பழைய புத்தகக்குறியை அழித்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு. முதல் தடவை சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே தப்பான பக்கத்தைக் குறித்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அதே குழியில்தான் விழுவோம். ‘ஜிஓவி டாட் இன்’ என்ற விதி மட்டும் இதற்குப் போதாது, ஏனென்றால் விதிவிலக்குகள் இருக்கின்றன. ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி ‘சிஓ டாட் இன்’ என்று முடிகிறது. தமிழக மின்வாரியத்தின் பக்கம் ‘ஓஆர்ஜி’ என்று முடிகிறது. அச்சிட்ட ரசீது, பாஸ்புக், அலுவலகப் பலகை, இவற்றில் இருக்கும் முகவரியைப் பார்த்து அடிப்பதுதான் சரியான வழி. முகவரிகள் மாறவும் செய்யும். 2024இல் மின்வாரியத்தின் நிறுவனமான டான்ஜெட்கோ பிரிந்து மின் பகிர்மானத்துக்குத் தனி நிறுவனம் வந்தபோது பழைய இணைப்பை வைத்திருந்தவர்களுக்குக் குழப்பம்தான்.

எப்போது இதுவே நல்லது. பணம் கட்டும், கடவுச்சொல் அடிக்கும், ஆதார் எண் கொடுக்கும் எல்லா இடத்துக்கும். விதிவிலக்கே இல்லை.

பழைய தமிழ் நூல், மலர், ஆவணம் தேடுகிறவர்களுக்கும் இதே வழிதான் நல்லது, ஆனால் காரணம் வேறு. கணினியில் தமிழ் எழுத்துகளைப் பதியும் முறைகளான ஒருங்குறியையும் (யூனிகோட்) டேஸ் 16ஐயும் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010இல்தான். அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப்களும், வெறும் படமாக வருடிப் போட்ட பக்கங்களும் தேடுபொறியின் கண்ணில் சரியாகப் படுவதில்லை. கூகுளில் வரவில்லை என்பதால் இணையத்தில் இல்லை என்று ஆகிவிடாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற தளம், இந்த மூன்றின் உள்ளேயே போய் தேடினால் கிடைப்பது வேறு உலகம்.

## ஒரே பார்வையில்

| | கூகுள் | டக்டக்கோ | ஏஐ சாட்பாட் | நேரடி முகவரி |
|---|---|---|---|---|
| பதில் எங்கிருந்து வந்தது | முகவரி தெரியும் | முகவரி தெரியும் | பல நேரம் தெரியாது, தெரிந்தாலும் திறந்து பார்க்க வேண்டும் | சந்தேகமே இல்லை |
| உச்சியில் இருப்பவர் | பெரும்பாலும் விளம்பரம் | விளம்பரம், கொஞ்சம் குறைவு | ஒரே பதில், ஏன் அது என்று தெரியாது | பொருந்தாது |
| தமிழ் | மிக நன்று | சுமார் | சரளம் அதிகம், நம்பகம் குறைவு | தளத்தைப் பொறுத்தது |
| நம் தகவல் | கணக்கோடு சேரும் | தேடல் சேராது | முழுக் கதையும் சேரும் | அந்தத் தளத்துக்கு மட்டும் |
| தப்பு தெரியவருமா | கவனித்தால் தெரியும் | கவனித்தால் தெரியும் | விஷயம் தெரிந்தவருக்குத்தான் | முதல் தடவை சரியானால் கவலை இல்லை |
| எதற்கு | உள்ளூர், செய்தி | உடல்நலம், சொந்த விஷயம் | சொல், விளக்கம், வரைவு | பணம், ஆவணம் |

## யாருக்கு என்ன

தினமும் கணினியில் உட்காருகிறவர் நான்கையும் வைத்துக்கொள்ளலாம். முதல் தேடுபொறி டக்டக்கோ, தமிழுக்குக் கூகுள், பெயர் தெரியாததற்கு ஏஐ, வங்கிக்குப் புத்தகக்குறி. உலாவி ஃபயர்பாக்ஸாக இருந்தால் யூபிளாக் ஆரிஜின் விளம்பரத் தடுப்பானைக் கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் போடலாம். ஆண்ட்ராய்டு குரோமில் இப்படிப்பட்ட நீட்சிகளுக்கே (எக்ஸ்டென்ஷன்) இடமில்லை.

மாணவர்களுக்கு ஏஐயைத் தடுப்பது நடக்காத காரியம். கட்டுரையில் வரும் ஒவ்வொரு பெயரையும் வருடத்தையும் மேற்கோளையும் வேறொரு இடத்தில் பார்த்து, பார்த்த இடத்தை ஓரத்தில் எழுதி வரச் சொல்லுங்கள். இரண்டு தடவை இப்படிச் செய்தாலே எதை நம்பலாம் என்று அவர்களுக்கே பிடிபட்டுவிடும்.

அப்பா அம்மாவின் போனில் டக்டக்கோவைத் திணிக்க வேண்டாம். பழகிய கூகுள் இருக்கட்டும், தமிழில் அதுதான் அவர்களுக்கு உதவும். விளம்பரத் தடுப்பான் போட்ட ஃபயர்பாக்ஸில் அதே கூகுளை வைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. முகப்புத் திரையின் முதல் பக்கத்தில் வங்கி, மின்கட்டணம், கேஸ், ரேஷன் என்று அவர்கள் போகும் இடங்களின் சின்னங்களை வரிசையாக வையுங்கள், பெயரைத் தமிழில் மாற்றி. தொடர்புப் பட்டியலில் வங்கி எண், மின்னகம், அப்புறம் ‘பணம் போனால்’ என்ற பெயரில் 1930. அது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் வேறு கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிவது சீக்கிரம் அழைத்தால்தான், பிள்ளைகள் என்ன சொல்வார்களோ என்று மறைத்து இரண்டு நாள் கழித்துச் சொன்னால் அல்ல. அந்த எண்ணைப் பதியும்போதே, என்ன நடந்தாலும் திட்ட மாட்டேன், முதலில் இதற்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.